பணிப்பெண்களுக்காக ஒரு தூதரகச் சண்டை: பிலிப்பைன்ஸும் குவைத்தும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வெளிநாட்டில் வேலைக்குப் போன ஒரு பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவளுடைய அரசு என்ன செய்ய முடியும்? கண்டனம் தெரிவிக்கலாம், தூதரைத் திரும்ப அழைக்கலாம், "இனி அந்த நாட்டுக்கு ஆள் அனுப்ப மாட்டோம்" என்று தடை போடலாம். மூன்றையும் செய்துபார்த்த நாடு பிலிப்பைன்ஸ். 2018, 2020, 2023 என்று மூன்று முறை குவைத்தோடு மோதியது. நம் ஊர்களிலிருந்தும் ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிற நாடு குவைத். அதனால் இந்தக் கதை நமக்கும் தேவைப்படுகிறது.

சண்டை எதில் ஆரம்பித்தது?

2018 பிப்ரவரியில், குவைத்தில் பூட்டிக் கிடந்த ஒரு அடுக்குமாடி வீட்டின் உறைபெட்டிக்குள் 29 வயது பிலிப்பினோ பணிப்பெண் ஒருவரின் உடல் கிடைத்தது. ஓராண்டுக்கும் மேலாக அது அங்கேயே இருந்திருக்கிறது. அவரைக் காணவில்லை என்று ஊரில் குடும்பத்தார் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்கு முந்தைய மாதமே, குவைத்தில் பணிப்பெண்கள் தற்கொலை செய்துகொள்வதாக வந்த செய்திகளைக் காட்டி, அதிபர் துத்தெர்த்தே அரசு புதிதாக ஆள் அனுப்புவதை நிறுத்தி வைத்திருந்தது. உடல் கிடைத்ததும் அது முழுத் தடையாக மாறியது. ஊர் திரும்ப விரும்புகிறவர்களை இலவசமாக அழைத்துவர விமானங்களும் ஏற்பாடாகின.

ஒரு விஷயத்தைக் குவைத்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: அந்தப் பெண்ணின் முதலாளிகள் குவைத்திகள் அல்ல. கணவர் லெபனான்காரர், மனைவி சிரியாக்காரர். இருவரும் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். குவைத் நீதிமன்றம் 2018 ஏப்ரலில் இருவருக்கும் அவர்கள் இல்லாத நிலையிலேயே மரண தண்டனை விதித்தது. உண்மைதான். ஆனால் ஒரு பெண் ஓராண்டுக்கு மேல் காணாமல் போயும் எந்த அலுவலகமும் கதவைத் தட்டவில்லையே, அது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இது பதில் ஆகாது.

கொலைக்குத் தண்டனை கொடுத்த பிறகும் குவைத் ஏன் பிலிப்பைன்ஸ் தூதரை வெளியேற்றியது?

கொலை வழக்குக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. 2018 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் வெளியுறவுத் துறை இரண்டு வீடியோக்களை வெளியிட்டது. ஒன்றில், ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் ஓடி வருகிறார், வெளியே காத்திருக்கும் வண்டியில் பாய்ந்து ஏறுகிறார், வண்டி கிளம்பிவிடுகிறது. கொடுமைப்படும் பணிப்பெண்களைத் தூதரக ஆட்களே போய் மீட்கிறார்கள் என்று மணிலா பெருமையோடு காட்டிய காட்சி அது.

குவைத்தில் அதே காட்சி வேறு மாதிரிப் பார்க்கப்பட்டது. வெளிநாட்டுத் தூதரகம் நம் போலீசுக்குச் சொல்லாமல் நம் ஊர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறதா என்று கொதித்தார்கள். பிலிப்பைன்ஸ் வெளியுறவு அமைச்சர் ஆலன் பீட்டர் கயெட்டானோ ஏப்ரல் 24 அன்று மன்னிப்புக் கேட்டார். மறுநாளே தூதர் ரெனாட்டோ வில்லா ஒரு வாரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. தன் தூதரையும் குவைத் மணிலாவிலிருந்து அழைத்துக்கொண்டது. தூதரகம் வேலைக்கு வைத்திருந்த நான்கு பேர் பிடிபட்டார்கள். மூன்று தூதரக அலுவலர்கள் மீது கைது ஆணை வந்தது.

மீட்டது தப்பில்லை, வீடியோ போட்டதுதான் தப்பு என்பது என் கணக்கு. அதற்கு முன்பும் தூதரகங்கள் சத்தமில்லாமல் ஆட்களை வெளியே கொண்டுவந்துதான் இருக்கின்றன. அது ஊர் பார்க்க ஓடியதும் குவைத் அரசால் கண்டும் காணாமல் இருக்க முடியவில்லை.

சட்டப்படி தூதரகத்துக்கு அந்த உரிமை உண்டா, இல்லையா?

பாதி உண்டு, பாதி இல்லை. 1963 வியன்னா தூதரக உறவு ஒப்பந்தத்தின் 36ஆவது பிரிவு, தன் நாட்டவரைச் சந்திக்கவும் பேசவும் தூதரக அலுவலர்களுக்கு உரிமை தருகிறது. 1961 வியன்னா ஒப்பந்தத்தின் 41ஆவது பிரிவோ, தூதர்கள் அந்த நாட்டுச் சட்டத்தை மதிக்க வேண்டும், உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்கிறது. சிறைக்குப் போய்ப் பார்க்கலாம், மருத்துவமனைக்குப் போய்ப் பார்க்கலாம். தனியார் வீட்டுக்குள் போக முடியாது. பணிப்பெண் வேலை செய்வதும், உறங்குவதும், அடி வாங்குவதும் அந்த வீட்டுக்குள்தான். ஒப்பந்தங்கள் எழுதப்பட்டபோது அந்த இடம் யார் மனதிலும் இருந்திருக்காது.

அப்புறம், 1961 ஒப்பந்தத்தின் 9ஆவது பிரிவின்படி ஒரு தூதரை வேண்டாம் என்று சொல்லக் காரணமே காட்டத் தேவையில்லை.

அந்தப் பெண் தானாகவே வீட்டை விட்டு வெளியே வந்துவிடலாமே?

வரலாம். வந்த நிமிடத்தில் அவர்தான் குற்றவாளி. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

விசா, இக்காமா (தங்கும் அனுமதி) எல்லாமே கஃபில் பெயரைச் சுற்றித்தான் இருக்கும். கஃபில் என்றால் ஸ்பான்சர் செய்யும் முதலாளி. குவைத்தில் வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கு 20ஆம் நம்பர் விசா. காதிம் விசா என்பார்கள். கம்பெனி வேலைக்கு 18ஆம் நம்பர். காதிம் விசாவில் வந்தவர் கஃபிலின் சம்மதமில்லாமல் வேறு வீட்டில் வேலை செய்ய முடியாது. வீட்டை விட்டு வெளியேறினால், "என் ஆள் ஓடிவிட்டாள்" என்று கஃபில் புகார் கொடுத்துவிடுவார். இக்காமா செல்லாமல் போகும், போலீஸ் கையில் சிக்கினால் நாடு கடத்துவார்கள். மூன்று மாதச் சம்பளம் பாக்கி, அடித்தார்கள் என்று அவர் சொல்லப் போகும் புகாருக்கு முன்பே கஃபிலின் புகார் பதிவாகியிருக்கும். சில சமயம் நகையைத் திருடினாள் என்றும் சேர்த்து எழுதியிருப்பார்கள்.

சட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2015இல் குவைத் 68ஆம் எண் சட்டம் கொண்டுவந்தது. வாரம் ஒரு நாள் விடுமுறை, நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுப்பு, வேலை முடியும்போது ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்று எல்லாம் அதில் உண்டு. வளைகுடா நாடுகளில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று வந்த சட்டங்களில் அது முன்னோடி என்றே சொல்லலாம். சரி, வாரம் ஒரு நாள் விடுமுறை கொடுக்கிறார்களா என்று யார் வீட்டுக்குள் போய்ப் பார்ப்பது?

2018 சண்டை எப்படி முடிந்தது?

வேகமாக முடிந்தது. ஏப்ரல் 29 அன்று துத்தெர்த்தே "தடை நிரந்தரம்" என்றார். மே 11 அன்று கயெட்டானோவும் குவைத் வெளியுறவு அமைச்சர் ஷேக் சபா அல் காலித்தும் உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டார்கள். மே 16 அன்று தடை முழுதாக நீங்கியது. மறுநாள் ரமலான் நோன்பு தொடக்கம். நோன்பு மாதத்தில் விருந்தும் சமையலும் இரட்டிப்பாகும். பணிப்பெண் இல்லாமல் குவைத் வீடுகள் திண்டாடும் மாதம் அது. தேதி தற்செயலாக அமைந்தது என்று நான் நம்பவில்லை.

முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக் கூடாது. பணியாளர் செல்போன் வைத்திருக்கலாம். உணவு, உடை, இருப்பிடம், மருத்துவக் காப்பீடு முதலாளியின் பொறுப்பு. ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படாது, பிலிப்பைன்ஸ் தொழிலாளர் அலுவலகம் சம்மதித்தால்தான். 24 மணி நேரமும் புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண். உடன்பாட்டின் சாரம் இவ்வளவுதான். ஒரு தூதர் வெளியேற்றப்பட்டு, ஒரு பெண் உறைபெட்டிக்குள் கிடந்து கிடைத்தவை இவை.

செல்போன் வைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் ஒரு சாதனையா?

மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது அதுதான் என்பேன். பல வீடுகளில் வந்திறங்கிய அன்றே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை பத்து நிமிடம், மேடம் பக்கத்தில் நிற்கும்போது பேசலாம். "நல்லா இருக்கியா?" என்று அம்மா கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்ல முடியும். பக்கத்தில் நிற்பவருக்குத் தமிழோ, பிலிப்பினோக்களின் தகலாக்கோ தெரியாமல் இருக்கலாம், அழுகை தெரியும்.

போன் கையில் இருந்தால் சம்பளம் வராத மாதமே ஊருக்குத் தெரியும். கையில் காயம் பட்டால் படம் அனுப்பலாம். வாட்ஸ்அப்பில் இருக்குமிடத்தை அனுப்பலாம். வீட்டு முகவரியே தெரியாமல் வேலை செய்கிறவர்களுக்கு இது சாதாரண விஷயம் அல்ல. உடன்பாட்டில் வந்த சிறப்புப் போலீஸ் பிரிவு, கூட்டுக்குழு எல்லாம் காகிதத்தில் நன்றாக இருக்கும். அவர்களை அழைப்பதற்கும் ஒரு போன் வேண்டுமே.

அவ்வளவு நல்ல உடன்பாடு என்றால் 2020இலும் 2023இலும் மறுபடி ஏன் தடை?

2019 டிசம்பர் கடைசியில் இன்னொரு பிலிப்பினோ பணிப்பெண் முதலாளி வீட்டில் அடித்துக் கொல்லப்பட்டார். 2020 ஜனவரியில் தடை வந்தது. அனைவருக்கும் ஒரே மாதிரியான வேலை ஒப்பந்தப் படிவத்துக்குக் குவைத் சம்மதித்ததும் பிப்ரவரியிலேயே நீங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் முதலாளியின் மனைவிக்குக் குவைத் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

2023 ஜனவரியில் பாலைவனத்தில் எரிந்த நிலையில் இன்னொரு பெண்ணின் உடல் கிடைத்தது. முதலாளியின் 17 வயது மகன் கைதானான். பிறகு 15 ஆண்டுச் சிறை. இந்த முறை மணிலா முழுத் தடை போடவில்லை. அப்போது குடிபெயர் தொழிலாளர் துறைக்குச் செயலாளராக இருந்தவர் சூசன் ஓப்லே. பல ஆண்டுகளாகத் தொழிலாளர் உரிமைக்காக வேலை செய்தவர். முதல் முறையாக வெளிநாடு போகிற பணிப்பெண்களை மட்டும் குவைத்துக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். அனுபவமுள்ளவர்கள் போகலாம் என்றார்கள். மாட்டிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் புதியவர்கள், அரபியும் தெரியாது, யாரிடம் போவது என்றும் தெரியாது என்பது அதன் பின்னால் இருந்த கணக்கு.

2023இல் குவைத்தும் தடை போட்டதே, அது எதற்கு?

அதுதான் இந்தக் கதையின் திருப்பம். 2023 மே மாதம் குவைத், பிலிப்பினோக்களுக்குப் புது விசாவே கிடையாது என்று அறிவித்தது. பணிப்பெண்களுக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும். தூதரகம் தன் வளாகத்தில் காப்பகம் நடத்துகிறது, ஓடிப்போன பணியாளர்களைத் தேடுகிறது, அரசு வழியாக வராமல் குவைத் குடிமக்களை நேரடியாகத் தொடர்புகொள்கிறது, ஒப்பந்தத்தில் புது நிபந்தனை சேர்க்கச் சொல்லி முதலாளிகளை நெருக்குகிறது என்று குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டன.

இவை எல்லாம் ஒரு நல்ல தூதரகம் செய்ய வேண்டிய வேலைகள் என்று படிக்கிறவருக்குத் தோன்றும். மணிலாவும் அதையேதான் சொன்னது. தொழிலாளர் அதிகம் உள்ள நாடுகளில் காப்பகமும் உதவி மையமும் வைக்கச் சொல்வது பிலிப்பைன்ஸின் சொந்தச் சட்டம். அதை மூடினால் தூதரகம் தன் நாட்டுச் சட்டத்தை மீறியதாகும். குவைத்தின் பக்கத்தில் நின்று பார்த்தால், தன்னிடம் அரசுக் காப்பகம் இருக்கும்போது வேறு நாடு இன்னொன்று நடத்துவது தன் போலீசையும் நீதிமன்றத்தையும் நம்பாததற்குச் சமம். இரு பக்கமும் உண்மை இருக்கிறது. ஆனால் நடு இரவில் ஓடி வரும் ஒரு பெண், தன் மொழி பேசும் இடத்தைத்தான் தேடுவாள்.

விசாத் தடை ஓராண்டுக்கு மேல் நீடித்தது. 2024 ஜூனில் பேச்சுவார்த்தைக்குப் பின் நீங்கியது. முன்பு மணிலா கையில் மட்டும் இருந்த ஆயுதத்தைக் குவைத்தும் எடுக்கக் கற்றுக்கொண்டது என்பதை மற்ற நாடுகளும் கவனித்திருக்கும்.

பிலிப்பைன்ஸ் மட்டும் ஏன் இதில் இவ்வளவு தூரம் போகிறது?

1995ஐத் தெரிந்துகொள்ளாமல் இது புரியாது. அந்த ஆண்டு மார்ச் 17 அன்று, இரட்டைக் கொலை வழக்கில் பிலிப்பினோ பணிப்பெண் பிளோர் கான்டெம்பிளாசியனை சிங்கப்பூர் தூக்கிலிட்டது. அவர் குற்றமற்றவர் என்று பிலிப்பைன்ஸில் லட்சக்கணக்கானோர் நம்பினார்கள். தெருவுக்குத் தெரு ஊர்வலம், சிங்கப்பூர்க் கொடி எரிப்பு. அதிபர் ராமோஸ் தூதரைத் திரும்ப அழைத்தார். வெளியுறவு அமைச்சர் ராபர்ட்டோ ரோமுலோ பதவி விலகினார். மக்கள் கோபம் சிங்கப்பூர் மீது எவ்வளவோ, அந்தப் பெண்ணுக்கு நேரத்தில் உதவாத தங்கள் தூதரகத்தின் மீதும் அவ்வளவு இருந்தது.

மூன்று மாதத்துக்குள், ஜூனில், 8042 என்ற எண்ணுள்ள குடிபெயர் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. 2010இல் அதைத் திருத்தி, தொழிலாளரைக் காக்கும் சட்டமோ உடன்பாடோ இல்லாத நாட்டுக்கு ஆள் அனுப்பக் கூடாது என்று எழுதினார்கள். 2021 டிசம்பர் 30 அன்று இதற்கென்றே தனி அமைச்சகம் உருவாக்கும் சட்டம் கையெழுத்தானது. 1995இலிருந்து எந்த அதிபர் வந்தாலும், வளைகுடாவிலிருந்து ஒரு சவப்பெட்டி இறங்கினால் விமான நிலையத்துக்குப் போயே ஆக வேண்டும். அது அங்கே தேர்தல் விவகாரம்.

அந்த நாட்டுக்கு வெளிநாட்டுப் பணம்தானே பிழைப்பு? எப்படித் தடை போடத் துணிகிறார்கள்?

2023இல் வங்கிகள் வழியாக மட்டும் 3,300 கோடி டாலருக்கு மேல் பிலிப்பைன்ஸுக்கு வந்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் பதின்மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு. வெளிநாட்டில் உழைப்பவர்களை "புதிய வீரர்கள்" என்று அரசே கொண்டாடும். 1970களில் வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு மருந்தாக ஆள் அனுப்புவதை மார்க்கோஸ் அரசு தொடங்கியது. பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை.

இதனால்தான் மணிலாவின் முழுத் தடைகள் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் முடிந்துவிடுகின்றன. குவைத்தில் மட்டும் இரண்டரை லட்சம் பிலிப்பினோக்கள். அவர்களில் பாதிக்கு மேல் வீட்டு வேலையில். அத்தனை பேருக்கும் ஊரில் வேலை கொடுக்க மணிலாவால் முடியாது என்பது குவைத்துக்கும் தெரியும். அத்தனை வீடுகளுக்கும் உடனே வேறு ஆள் பிடிக்கக் குவைத்தால் முடியாது என்பது மணிலாவுக்கும் தெரியும். பேரம் நடப்பது இந்த இரண்டு அறிவுக்கும் நடுவில்.

தடையால் பெண்களுக்கு நன்மை உண்டா?

கையில் தெளிவான கோரிக்கை இருந்து, சில வாரமோ சில மாதமோ போடும் தடையால் உண்டு. 2018இலும் 2020இலும் அதைப் பார்த்தோம். கோரிக்கை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நீளும் தடையால் கெடுதல்தான். நேபாளம் தடை போட்டபோது பெண்கள் இந்தியா வழியாகப் போனார்கள். எத்தியோப்பியா 2013இல் தடை போட்டபோது திருட்டு வழியில் போனார்கள். போகிறவரின் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் தடையால் நின்றுவிடுவதில்லை. சட்டப்படி போனவருக்கு ஒப்பந்தமாவது இருக்கும். விசிட் விசாவில் போனவருக்கு அதுவும் இல்லை. தூதரகத்தின் பட்டியலில் பெயர்கூட இருக்காது.

வேறு நாடுகள் இப்படி மோதியிருக்கின்றனவா?

இந்தோனேசியா. 2011 ஜூனில் சவூதியில் 54 வயது இந்தோனேசியப் பணிப்பெண் ஒருவரின் தலை வெட்டப்பட்டது. ஜகார்த்தாவுக்கு முன்கூட்டிச் சொல்லவே இல்லை. அதிபர் யுதோயோனோ ஆகஸ்ட் முதல் ஆள் அனுப்புவதை நிறுத்தினார். சவூதி அதற்கு முன்பே, ஜூலையில், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் இரண்டு நாட்டுப் பணிப்பெண்களுக்கும் விசாவை நிறுத்திவிட்டது. பிலிப்பைன்ஸ் செய்த குற்றம், 2006 இறுதியில் இருந்து மாதம் 400 டாலர் குறைந்தபட்சச் சம்பளம் கேட்டது.

ஓராண்டுக்கு மேல் இழுத்த பிறகு சவூதி 400 டாலருக்கு, அதாவது 1,500 ரியாலுக்கு, இறங்கி வந்தது. பிலிப்பைன்ஸுக்கு வெற்றி என்று தோன்றும். ஆனால் 2015இல் வங்கதேசம் மாதம் 800 ரியாலுக்குப் பெண்களை அனுப்பச் சம்மதித்தது. அதே வீடு, அதே வேலை, பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சம்பளம். ஒரு நாடு கதவைச் சாத்தினால் அடுத்த நாடு திறக்கும் என்று தெரிந்தவரை, ஆள் எடுக்கும் நாடு ஏன் அவசரப்பட வேண்டும்?

மூதூர் ரிசானாவின் வழக்கில் இலங்கை என்ன செய்தது?

ரிசானா நஃபீக் 2005இல் சவூதிக்குப் போனபோது வயது 17. பாஸ்போர்ட்டில் பிறந்த ஆண்டை 1982 என்று போட்டு அனுப்பியிருந்தார்கள். போன சில வாரங்களிலேயே, அவர் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. மூச்சுத் திணறி இறந்தது என்றார் அவர். கொன்றுவிட்டார் என்றார்கள் பெற்றோர். சரியான மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வாங்கிய வாக்குமூலம்தான் முக்கிய ஆதாரம். கொழும்பு கருணை கேட்டது. குழந்தையின் பெற்றோர் மன்னிக்கவில்லை. 2013 ஜனவரி 9 அன்று மரண தண்டனை நிறைவேறியது. இலங்கை தன் தூதரைத் திரும்ப அழைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு உறுத்தல். சவூதிக்குப் போகும் பணிப்பெண்ணின் குறைந்தபட்ச வயதை 25 ஆக்கினார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் போகக் கூடாது, குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்றார்கள். வயதை மாற்றி பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்த சப்-ஏஜென்ட் வலைப்பின்னல் அப்படியே இருக்க, சுமை முழுக்கப் பெண்கள் தலையில் வந்து விழுந்தது. பிரதேச செயலகத்துக்கு அறிக்கைக்காக அலைந்தவர்களைக் கேளுங்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் டாலர் தேவைப்பட்டதும் அந்த விதிகளை அரசே தளர்த்தியது.

இந்தியா ஏன் இப்படித் தடை போடுவதில்லை?

சத்தமாகப் போடுவதில்லை. குவைத்தில் இந்தியர்கள் பத்து லட்சத்துக்கும் அருகில். அங்கே உள்ள வெளிநாட்டவரில் முதலிடம். எண்ணெய், முதலீடு என்று வேறு கணக்குகளும் உண்டு. அதனால் டெல்லி விதிகள் மூலம் பிடிக்கும். 1983 குடியேற்றச் சட்டத்தின் கீழ், ஈ.சி.ஆர். (வெளிநாட்டு வேலைக்கு அரசு அனுமதி தேவை என்ற வகை) பாஸ்போர்ட் வைத்திருப்பவர் 18 நாடுகளுக்குப் போக அனுமதி வாங்க வேண்டும். பெண் என்றால் 30 வயது முடிந்திருக்க வேண்டும். 2016இலிருந்து பணிப்பெண்களை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் எடுக்கலாம் என்றார்கள். தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு மனிதவள நிறுவனம்.

பணிப்பெண் எடுக்கும் முதலாளி 2,500 டாலர் வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும் என்றும் இந்தியா கேட்டுவந்தது. குவைத் எரிச்சலடைந்து இந்தியப் பணிப்பெண்களுக்கு விசா கொடுப்பதைக் குறைத்தது. 2017இல் குவைத்துக்கு மட்டும் அந்த நிபந்தனையை டெல்லி விலக்கிக்கொண்டது. கொடி எரிப்பு இல்லை, தூதர் வெளியேற்றம் இல்லை. செய்தித்தாளின் உள்பக்கத்தில் முடிந்துபோன தோல்வி.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காப் பகுதியில் நடந்த தீவிபத்து வேறு வகை. தொழிலாளர் குடியிருப்பில் ஐம்பது பேர் அளவில் இறந்தார்கள். மிகப் பெரும்பாலோர் இந்தியர். மூன்று பிலிப்பினோக்களும் உண்டு. இரண்டே நாளில் விமானப் படை விமானம் 45 உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. அதில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். இறந்த பிறகு இந்தியா காட்டிய வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கட்டடத்தில் அத்தனை பேரை அடைத்து வைத்திருந்ததை முன்பே கேட்டிருக்க வேண்டியது யார் என்பதுதான் கேள்வி.

சர்வதேச ஒப்பந்தங்கள் எதுவும் இல்லையா?

இருக்கின்றன. வீட்டுப் பணியாளருக்கான 189ஆம் எண் ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) ஒப்பந்தம் 2011இல் வந்தது. பிலிப்பைன்ஸ் மறு ஆண்டே ஏற்றது. குடிபெயர் தொழிலாளருக்கான ஐ.நா. ஒப்பந்தம் 1990இல் வந்தது. வளைகுடா நாடு ஒன்றுகூட இரண்டில் எதையும் ஏற்கவில்லை. இந்தியாவும்தான்.

அனுப்பும் நாடுகள் சேர்ந்து பேரம் பேசக் கூடாதா?

பேசுவதற்கு மேடை உண்டு. 2003இல் கொழும்பில் ஆசிய நாடுகள் கூடித் தொடங்கியது கொழும்பு நடைமுறை. ஆள் எடுக்கும் நாடுகளையும் சேர்த்துக்கொண்டு 2008இல் அபுதாபி உரையாடல். அறிக்கைகள் வருகின்றன. "400 டாலருக்குக் கீழே யாரும் அனுப்ப மாட்டோம்" என்ற ஒரு வரி மட்டும் வரவில்லை. அது வராதவரை, தனியாகத் தடை போடுகிற நாடு தன் பெண்களுக்குச் சில நல்ல விதிகளை வாங்கித் தரும். கூடவே வேறு ஏதோ ஏழை நாட்டுப் பெண்ணுக்குக் குறைந்த சம்பளத்தில் வேலையும் வாங்கித் தரும்.

என் சின்னம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறார். என்ன பார்க்க வேண்டும்?

முதலில் விசா. விசிட் விசாவில் துபாய் போய் அங்கிருந்து குவைத் என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இந்தியாவிலிருந்து என்றால் மேலே சொன்ன அரசு நிறுவனம் வழியாகப் போகிறாரா என்று பாருங்கள், ஏஜென்ட் யாராவது வந்தால் பதிவு எண்ணை இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள்; பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். இலங்கையிலிருந்து என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் விமானம் ஏற விடாதீர்கள். காப்பீடும் உதவியும் அந்தப் பதிவோடுதான் ஒட்டி வரும்.

ஒப்பந்தத்தில் சம்பளம் எண்ணாலும் எழுத்தாலும் இருக்கிறதா என்று பாருங்கள். 2016இல் குவைத் நிர்ணயித்த குறைந்தபட்சம் மாதம் 60 தினார். ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் படம் எடுத்து உங்கள் போனில் வையுங்கள். கஃபிலின் பெயர், சிவில் ஐடி (குவைத் அடையாள அட்டை) எண், போன் எண், வீடு இருக்கும் பகுதி ஆகியவற்றைப் போன முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். பிறகு தூதரகத்தில் புகார் கொடுக்கப் போனால் அவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இல்லையென்றால் அவர்களாலும் அதிகம் செய்ய முடியாது. தூதரக எண்ணைப் போனில் மட்டும் வைத்தால் போதாது, சின்னம்மாவை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஆள் நிற்கும்போது "பூனைக்குட்டி எப்படி இருக்கு?" என்று அவர் கேட்டால், மறுநாளே நீங்கள் புகாரோடு கிளம்ப வேண்டும் என்று அர்த்தம்.